கோவையில் 3.75, ஜெர்மனியில் 3: செட்லொகேல் சேர்த்த பிறகு வந்த சிக்கல்

தறிநூல் கேட்டது:
நூலின் இழுவிசையை அளக்கும் கருவிக்கு சி மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்றைப் பராமரிக்கிறேன். கான்ஃபிக் ஃபைலில் 3.75 என்று இருப்பதை ஏடூஎஃப் (atof, எழுத்தை எண்ணாக மாற்றும் ஃபங்க்ஷன்) வைத்துப் படிக்கிறோம். கோவையில் எங்கள் உபுண்டு மெஷின்களில் எல்லாம் சரி. ஜெர்மனியில் வாடிக்கையாளர் மெஷினில் அது 3 ஆகிவிடுகிறது. எர்ரர் எதுவும் இல்லை. ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் ஜெர்மன் லொகேல் (மொழி, நாட்டு வழக்க அமைப்பு) வைத்து ஓட்டினாலும் 3.75 தான். மெசேஜ்களைத் தமிழில் காட்ட மொழிபெயர்ப்பு லைப்ரரியான கெட்டெக்ஸ்ட் சேர்த்து, எல்சி_ஆல்-உடன் (லொகேலின் எல்லாப் பிரிவுகளும்) காலி ஸ்ட்ரிங் கொடுத்து, லொகேலை அமைக்கும் செட்லொகேல் அழைத்த பிறகுதான் இது தொடங்கியது.

பழைய சி ஆள்:
காரணம் அந்த ஒரு வரிதான். எந்த சி புரோகிராமும் "சி" லொகேலில்தான் தொடங்கும், ஸ்டாண்டர்டே அப்படிச் சொல்கிறது. காலி ஸ்ட்ரிங் கொடுத்ததும் பயனர் மெஷினின் அமைப்பு உள்ளே வந்துவிடும். ஜெர்மன் லொகேலில் தசமக் குறி காற்புள்ளி. அதனால் 3-க்குப் பிறகு வரும் புள்ளியைப் பார்த்ததும் ஏடூஎஃப் நின்றுவிடுகிறது. நம் தமிழ், இந்திய ஆங்கில லொகேல்களில் புள்ளிதான் என்பதால் இங்கே உட்கார்ந்து எத்தனை டெஸ்ட் போட்டாலும் இது தெரியாது. ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற சி லைப்ரரி. அதில் தசமக் குறி எப்போதும் புள்ளி. அந்த டெஸ்ட்டை நம்பாதீர்கள்.

எல்சி_ஆல் வேண்டாம். எல்சி_சிடைப் (எழுத்து வகை), எல்சி_மெசேஜஸ் (மெசேஜ் மொழி) இரண்டை மட்டும் மாற்றுங்கள், எண் வடிவத்துக்கான எல்சி_நியூமெரிக்கைத் தொடாதீர்கள். ஜிடிகே மாதிரி விண்டோ, பட்டன் காட்டும் லைப்ரரி இருந்தால் அதுவே செட்லொகேல் அழைக்கும். அப்போது இனிஷியலைஸ் முடிந்ததும் எல்சி_நியூமெரிக்கை மட்டும் மறுபடி "சி"-க்குக் கொண்டுவாருங்கள். ஏடூஎஃப்-ஐயும் தூக்கிவிடுங்கள். அதே வேலையைச் செய்யும் எஸ்டிஆர்டூடி (strtod) எந்த இடத்தில் நின்றது என்று பாயின்டர் தருகிறது. அது ".75"-ஐக் காட்டியிருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம்.

தறிநூல்:
நன்றி அண்ணா. படிக்கும்போது மட்டும் "சி"-க்கு மாற்றி, படித்ததும் திருப்பி வைத்தால் போதாதா? விண்டோஸிலும் ஓட வேண்டும்.

பழைய சி ஆள்:
த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) இருந்தால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். செட்லொகேல் மொத்த பிராசஸையும் மாற்றும். பக்கத்து த்ரெட் அந்த நேரத்தில் பிரிண்ட்எஃப் போட்டால் அதன் வெளியீடும் மாறிப்போகும். லினக்ஸிலும் மேக்கிலும் த்ரெட்டுக்குத் தனி லொகேல் வைக்க யூஸ்லொகேல் உண்டு, அது யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்டான பாஸிக்ஸ் 2008-இல் வந்தது. விண்டோஸில் அது கிடையாது. எல்லா இடத்திலும் ஓட வேண்டுமானால் பழைய சி ஸ்டாண்டர்டான சி89-லிருந்தே இருக்கும் லொகேல்கான்வ் போதும். அதனிடம் தசமக் குறியைக் கேட்டு, ஸ்ட்ரிங்கின் நகலில் புள்ளியை மாற்றிவிட்டு எஸ்டிஆர்டூடி-க்குக் கொடுங்கள். லுவா மொழியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது.

கொங்கு கோடர்:
ஒன்று சேர்க்கிறேன். உபுண்டுவில் ஜெர்மன் லொகேலை ஜெனரேட் செய்யாமல் டெஸ்ட் போட்டால் செட்லொகேல் NULL (வெற்று மதிப்பு) திருப்பிவிட்டு "சி"-யிலேயே நிற்கும், டெஸ்ட்டும் பாஸ் ஆகிவிடும். ரிட்டர்ன் மதிப்பை அவசியம் பாருங்கள். எழுதும் பக்கத்தையும் சோதியுங்கள், காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலில் "3,75" போனால் ஒரு நெடுவரிசை இரண்டாகிவிடும்.

தறிநூல்:
ஆமாம், நேற்று அங்கிருந்து வந்த சிஎஸ்வி-யில் ஒரு நெடுவரிசை அதிகமாகத்தான் இருக்கிறது. லொகேல்கான்வ் வழியில் மாற்றுகிறேன். எழுதும் பக்கத்தையும் அதோடு சேர்த்துச் சரிசெய்கிறேன்.