ஜிங்க் சல்பேட் போட்டும் பயிர் துரு பிடிச்ச மாதிரி நிக்குது, எங்கே தப்பு?

மன்னைக்காரன்:
குறுவை நெல், ஆடுதுறை 43 ரகம். மூணு மா (ஒரு ஏக்கர்), நட்டு 22 நாள். போர் தண்ணிதான். வயலில் திட்டுத்திட்டா பயிர் குட்டையா நிக்குது, தூர் கட்டல. கீழ் இலையில் துரு மாதிரி பழுப்புப் பொட்டு. கடையில் இலைப்புள்ளி நோய்னு பூஞ்சாண மருந்து கொடுத்தாங்க. அடிச்சு ஆறு நாள் ஆச்சு, ஒரு மாற்றமும் இல்ல. பக்கத்து வயல்காரர் துத்தநாகக் குறைன்னு சொல்றார். ஆனா நான் அடியுரத்திலேயே 10 கிலோ ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) போட்டிருக்கேனே! போட்டதெல்லாம் எங்கே போச்சு?

வேரடி:
மூணு கேள்வி தம்பி. குருத்து இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்திருக்கா? ஜிங்கை எதோட கலந்து எப்படிப் போட்டீங்க? போர் தண்ணி காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளையா படியுதா?

மன்னைக்காரன்:
இப்பதான் வயலுக்குப் போய் ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன் அண்ணே. ஆமா, புது இலையின் அடிப்பக்கம் நடு நரம்பு வெளுத்துத்தான் இருக்கு. பொட்டுகளும் எள்ளு மாதிரி தனித்தனியா இல்ல, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இலையே பழுத்த மாதிரி. ஜிங்கை டிஏபி என்ற பாஸ்பேட் உரத்தோட ஒரே சாக்கில் கலந்து கடைசி உழவில் மடக்கிட்டேன். பாத்திரத்தில் சுண்ணாம்பு ஏடு கட்டும். பசுந்தழை உரமா தக்கைப்பூண்டும் மடக்கியிருந்தேன், உடனே நட்டுட்டோம்.

வேரடி:
அப்போ விஷயம் புரிஞ்சுபோச்சு, துத்தநாகக் குறைதான். சத்து வயலை விட்டு எங்கேயும் போகல, வேருக்குத்தான் எட்டல.

துத்தநாகம் யூரியா மாதிரி தண்ணியோட ஓடி வராது. வேரை ஒட்டின சில மில்லிமீட்டர் மண்ணில் கரைஞ்சிருப்பதுதான் பயிருக்கு. டிஏபியோட கலந்ததில் ஒரு பங்கு துத்தநாக பாஸ்பேட்டா இறுகியிருக்கும். தண்ணி தேங்கி, பச்சைத்தழையும் அழுகும்போது தொழியில் (உழுத சேற்றில்) காற்றில்லாம சல்பைடு உண்டாகும், அதுவும் துத்தநாகத்தைப் பிடிச்சு வைக்கும். போர் தண்ணியின் பைகார்பனேட் வேர் வளர்ச்சியையே அமுக்கும்.

இதையெல்லாம் தாண்டி வந்ததை வேர் செல்லின் சவ்வில் உள்ள ஜிப் வகைக் கடத்திப் புரதங்கள் உள்ளே இழுக்கும். நெல்லில் முக்கியமானது ஜிப்9. உள்ளே போனதிலும் கொஞ்சத்தை வேரே தன் செல்லுக்குள்ள இருக்கிற சேமிப்புப் பையான செல்குமிழியில் பூட்டி வைச்சுக்கும், அந்தப் பூட்டு எச்எம்ஏ3 என்ற புரதம். மீதி சைலம் (தண்ணியை மேலே ஏத்தும் குழாய்) வழியா மேலே ஏறி கணுக்களுக்கு வரும். நெல்லுக்குக் கணுதான் ஜங்ஷன் மாதிரி. அங்கே ஜிப்3, எச்எம்ஏ2 புரதங்கள் துத்தநாகத்தை சைலத்திலிருந்து எடுத்து புளோயத்துக்கு (இலை சமைச்ச உணவைக் கொண்டுபோகும் குழாய்) மாத்தி, குருத்துக்கும் கதிருக்கும் திருப்பிவிடும். வரத்தே குறைஞ்சா குருத்துதான் முதலில் வெளுக்கும்.

1966-ல் வட இந்தியாவின் பந்த்நகரில் ஒய்.எல்.நெனே என்ற பயிர்நோய் விஞ்ஞானி கண்டுபிடிச்சுச் சொல்ற வரைக்கும், துத்தநாகக் குறையால் வர்ற இந்த 'கைரா'வும் ஏதோ கிருமி நோய்னுதான் பலரும் நினைச்சாங்க. கடைக்காரரை ரொம்பத் திட்டாதீங்க.

குழிக்கணக்கு:
இன்னொரு 10 கிலோ வீசிட வேண்டியதுதானே?

வேரடி:
தேங்கின தண்ணியில் வீசினா அதே சிறைக்குள் இன்னொரு ஆளை அடைக்கிற கதைதான். முதலில் தண்ணியை வடிச்சு, தொழியில் மயிர்வெடிப்பு தெரியற வரை விடுங்க. பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமா, காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி கட்டுங்க. கூடவே இலைவழி: 10 லிட்டருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம். காலையிலோ சாயங்காலமோ அடிங்க, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை. ஒரு மூலையை மட்டும் அடிக்காம விட்டுடுங்க. அப்பதான் என் பேச்சு நிஜமா புளுகான்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை 10 கிலோவை 20 கிலோ மணலோட கலந்து, நடவுக்குக் கொஞ்சம் முன்னாடி சேற்றின் மேலே தூவுங்க, உழுது மடக்காதீங்க. டிஏபி தனி.

சோத்துப்பானை:
இலையில் அடிக்கிறது அரிசிக்கும் போகுமா ஐயா?

வேரடி:
கொஞ்சம் போகும். இலையிலிருந்து புளோயத்தில் நிக்கோட்டியனமின் என்ற மூலக்கூறைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். ஆனா நெல் பூத்த பிறகும் வேர் தொடர்ந்து உறிஞ்சும். கதிரில் சேர்வதில் அதுக்கும் பெரிய பங்கு உண்டு. அரிசியில் அதிகம் வேணும்னா ரகத்தையே மாத்தணும். 2016-ல் வந்த 'டிஆர்ஆர் தான் 45' என்ற நெல் ரகம், தீட்டின அரிசியிலும் துத்தநாகத்தை கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் வைச்சிருக்கும்.

மன்னைக்காரன் (ஒன்பது நாள் கழிச்சு):
அண்ணே, அடிச்ச இடத்தில் வந்த புது இலை அடி வரைக்கும் பச்சை. பழைய இலையில் பொட்டு அப்படியேதான் இருக்கு. பம்புசெட் பக்க மூலையை அடிக்காம விட்டேன், தண்ணியும் அங்கே சரியா வடியல. அங்கே இன்னும் நடு நரம்பு வெளுப்பு. நாளைக்கு வாய்க்கா வெட்டி வடிச்சு, அங்கேயும் அடிக்கப் போறேன்.