புது மாஸ்டர் சிலிண்டர்ல பிரேக் பைப் கசியுது, எவ்ளோ இறுக்குனாலும் நிக்கல

துருவண்டி:
பழைய கார் ஒன்னு, பாடி வேலை முடிஞ்சு இப்ப லைன் எல்லாம் புதுசா போட்டுட்டு இருக்கேன். பிரேக்குக்கு 3/16 இஞ்ச் குப்ரோ நிக்கல் பைப், பழைய நட்டையே சுத்தம் பண்ணி போட்டு டபுள் ஃப்ளேர் (பைப் முனையை புனல் மாதிரி விரிச்சு உள்பக்கமா மடிக்கறது) நானே அடிச்சேன் (நட்டை உள்ள விடாமலே ஃப்ளேர் அடிச்சு நாலு முனையை வெட்டி எறிஞ்ச கதை தனி). வீல் பக்கம் சொட்டு கசிவு இல்ல. புது மாஸ்டர் சிலிண்டர்ல (பெடலை அமுக்குனா பிரேக் ஆயிலை தள்ளுற பம்ப்) மட்டும் பெடலை அமுக்கி பிடிச்சா நட்டு ஓரத்துல முத்து முத்தா வேர்க்குது. மூணு தடவை ஃப்ளேர் திருப்பி அடிச்சாச்சு. இன்னும் இறுக்கவா, இல்ல த்ரெட்டுல டெஃப்லான் டேப் சுத்தவா? அப்புறம் பெட்ரோல் லைன் 8 எம்எம் ஸ்டீல் பைப், கிளிப் போட்டும் ரப்பர் ஹோஸ் இழுத்தா உருவிட்டு வருது.

ஸ்பானர்மாமா:
டேப் வேணவே வேணாம் தம்பி. சீல் ஆகுறது ஃப்ளேர் முகத்துல, த்ரெட்டுல இல்ல. டேப் பிஞ்சு உள்ள போச்சுன்னா ஓட்டையை அடைச்சிக்கும். இறுக்கறதையும் நிறுத்துங்க, த்ரெட்டு போயிரும்.

கரிப்பிடிச்சகை:
அந்த சிலிண்டர் பழசு மாதிரியே வாங்குனதா, இல்ல வேற மாடலோடதா? டார்ச் அடிச்சு ஓட்டையோட அடியை பாருங்க ப்ரோ. நடுவுல கூம்பு நீட்டிட்டு இருந்தா டபுள் ஃப்ளேர், உள்வாங்கி கிண்ணம் மாதிரி இருந்தா பபிள் ஃப்ளேர், அதாவது முனை குமிழ் மாதிரி உருண்டு இருக்கறது. அப்படியே பைப் இல்லாம வெறும் நட்டை கையால ரெண்டு சுத்து விட்டு ஆட்டிப் பாருங்க. உங்க நட்டு 3/8 இஞ்ச் விட்டம், அதாவது 9.5 எம்எம், இஞ்சுக்கு 24 த்ரெட்டா இருக்கும். சிலிண்டர் எம்10 (10 எம்எம் விட்டம்), பிட்ச் (த்ரெட்டுக்கு த்ரெட்டு இடைவெளி) 1 எம்எம்மா இருந்தா ரெண்டு பிட்சும் கிட்டத்தட்ட ஒன்னுங்கறதால நட்டு சமத்தா உள்ள போகும், பிடிக்கற மாதிரியே தெரியும், ஆனா அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கற அன்னிக்கு கழண்டு வந்துரும்.

துருவண்டி:
அட ஆமாங்க, கடகடன்னு ஆடுது! அடியில கிண்ணம்தான். எம்10 நட்டு ஒன்னு தேடி விட்டுப் பாத்தேன், துளி ஆட்டம் இல்ல. அப்ப எல்லா பைப்பையும் மாத்தணுமா?

கரிப்பிடிச்சகை:
வேணாம், அந்த முனை மட்டும் எம்10 நட்டு போட்டு பபிள் அடிங்க, இன்னொரு முனை டபுளாவே இருக்கட்டும். டபுள் ஃப்ளேர் டூல்ல மொத ஸ்டெப்போட நிறுத்துனா பபிள் மாதிரிதான் தெரியும், ஆனா பின்பக்க வடிவம் வேற, அதை நம்பாதீங்க, பபிளுக்குன்னு உள்ள டை (அச்சு) வாங்கிருங்க. ஓட்டையில மின்னுற மாதிரி உலோகத்தூள் இருந்தா த்ரெட்டு அரிஞ்சிருக்குன்னு அர்த்தம், சிலிண்டரையே மாத்திருங்க, இதுல கஞ்சத்தனம் வேணாம்.

ஸ்பானர்மாமா:
அந்த மொத ஸ்டெப் பெட்ரோல் பைப்புக்கு ஆகும். 8 எம்எம் டைல வச்சு முனையை லேசா வீங்க வைங்க, ஹோஸ் அந்த வீக்கத்தை தாண்டி போகணும், கிளிப் வீக்கத்துக்கு அந்தப் பக்கம் உக்காரணும். ஹோஸ் எத்தனால் தாங்கறதா பாத்து வாங்குங்க. சைலன்சர் பைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்னுரும்.

துருவண்டி:
முடிஞ்சுது. பிரேக் லைன்ல இருந்த ஏர் எடுத்துட்டு ராத்திரி ஃபுல்லா பெடலை கட்டையால முட்டு கொடுத்து வச்சேன், காலைல நட்டை சுத்தி டிஷ்யூ ஒத்திப் பாத்தா காய்ஞ்சு கிடக்கு. ஹோஸும் அசையல. ஆனா முன்னாடி கசிஞ்ச பிரேக் ஆயில் சிலிண்டருக்கு கீழ உள்ளங்கை அளவு புது பெயிண்ட்டை சுருட்டி எடுத்துருச்சு, உடனே தண்ணி ஊத்தி கழுவிருக்கணும்.