11% டிவிடெண்ட் காட்டும் பங்கை அப்பாவுக்கு வாங்கலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
அப்பா ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் 4 லட்சத்தை, லாபத்தைப் பிரித்துத் தரும் டிவிடெண்ட் பங்குகளில் போட யோசிக்கிறோம். எஃப்டி வட்டி பத்தவில்லை என்கிறார். ஆப்பில் ஈல்டு வாரியாக வரிசைப்படுத்தினால் முதலில் வரும் பங்கு 11% காட்டுகிறது. விலையும் ஒரு வருடத்தில் 400லிருந்து 200க்கு வந்துவிட்டது. "சல்லிசா கிடைக்குது, வாங்கிடு" என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஓசூர் கணக்கர்:
தம்பி, விலை பாதியானதில்தான் விஷயமே இருக்கிறது. ஓர் ஆண்டில் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவது ஈல்டு. 400 ரூபாய்க்கு அதே தொகை 5.5% தான். கம்பெனி கூடுதலாக ஒரு பைசா தராமலே எண் இரட்டிப்பாகியிருக்கிறது. ஏன் விழுந்தது என்று தேடுங்கள். அப்புறம், பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் அந்த டிவிடெண்டுகளைப் பார்த்து, எது இடைக்காலம், எது இறுதி, எது சிறப்பு என்று பிரித்துப் போடுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
பார்த்தேன் சார். இடைக்காலம் 4, இறுதி 3, சிறப்பு 15.

ஓசூர் கணக்கர்:
அந்த 15ஐ அடித்துவிடுங்கள். சிறப்பு என்றால் பெரும்பாலும் ஒருமுறை வரும் பணம், சொத்தை விற்றதாகக்கூட இருக்கலாம். மிச்சம் 7 ரூபாய், அதாவது 3.5%. இதற்கு எஃப்டியே தேவலை.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:
எங்கள் பக்கம் மாந்தோப்பைக் குத்தகை பேசுகிறவர் போன வருடக் காய்ப்பை மட்டும் பார்த்துத் தொகை சொல்ல மாட்டார். ஒரு வருடம் கொட்டிய மரம் அடுத்த வருடம் கையை விரிக்கும். உலோகம், சுரங்கக் கம்பெனிகளும் அப்படித்தான். வேதாந்தா 2022-23ல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது, அந்த ஆண்டின் லாபத்தைவிட அதிகம். அடுத்த நிதியாண்டில் 29.50 தான். பத்து வருட டிவிடெண்டையும் பங்குக்கான லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். லாபத்தில் முக்கால்வாசிக்கு மேல் வருடா வருடம் வெளியே போனால், கடனும் ஏறிக்கொண்டே இருந்தால், நான் தொட மாட்டேன்.

பாலக்கோட்டுக்காரன்:
நன்றிங்க. செய்தியில் 265% டிவிடெண்ட் என்றெல்லாம் வருகிறதே? எக்ஸ்-டேட்டுக்கு (அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) முந்தின நாள் வாங்கி, டிவிடெண்ட் கிடைத்ததும் விற்றுவிடலாம் என்கிறான் நண்பன்.

ஓசூர் கணக்கர்:
அந்தச் சதவீதம் முகமதிப்புக்கு, அதாவது பங்குக்குக் கம்பெனி குறித்துவைத்த மதிப்புக்கு. சந்தை விலைக்கு அல்ல. கோல் இந்தியா 2024-25க்கு மொத்தம் 26.50 ரூபாய் கொடுத்தது. முகமதிப்பு 10 என்பதால் 265%. நீங்கள் 400 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் உங்களுக்கு 6.6% தான்.

நண்பர் சொன்னது வேலைக்காகாது. எக்ஸ்-டேட் அன்று விலை ஏறக்குறைய அந்தத் தொகை அளவுக்கு இறங்கித் தொடங்கும். போதாததற்கு, 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கான வரி அதைப் பெறுபவர் தலையில். அப்பாவின் பென்ஷனோடு சேர்ந்து அவருடைய வரி விகிதத்தில் போகும். ஒரே கம்பெனியிலிருந்து வருடத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10% டிடிஎஸ் (கம்பெனியே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வரி). பான் இல்லையென்றால் 20%.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:
அப்பாவுக்கு 60 ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் முதலில் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை விசாரியுங்கள். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2% ஆக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்.

பாலக்கோட்டுக்காரன்:
போன மாசம்தான் 60 ஆச்சு. திங்கட்கிழமை தபால் ஆபீஸ் போகிறோம். 3 லட்சம் அங்கே. மீதி ஒரு லட்சத்துக்கு நாலைந்து கம்பெனிகளின் பத்து வருடக் கணக்கை எழுதிவிட்டு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்க.