லைப்ரரி கண்ணெதிரே இருந்தும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்': உங்களுக்கு நடந்தது?

கேமரா விற்றவர்கள் கொடுத்த லைப்ரரியை, நானே கம்பைல் செய்த ஓப்பன்சிவியோடு (படங்களை அலசும் லைப்ரரி) சேர்க்கும் இடத்தில் இரண்டு நாள் போனது. பாத் சரி, லைப்ரரியின் பெயர் சரி, உள்ளே இருக்கும் பெயர்களைக் காட்டும் என்எம் போட்டால் ஃபங்ஷன் கண்ணெதிரே இருக்கிறது, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்று சேர்க்கும் லிங்கர் மட்டும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', அதாவது இல்லவே இல்லை என்கிறது. கடைசியில் எர்ரர் வரியையும் என்எம் வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். மேல் வரியில் ஸ்ட்ரிங் என்ற சொல்லுக்கு முன்னால் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று ஒரு துண்டு, கீழே அது இல்லை. 2015இல் ஜிசிசி கம்பைலரின் 5ஆம் பதிப்பு வந்தபோது ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பு மாறியது, அவர்கள் அதற்கு முந்தைய கம்பைலரில் கட்டியிருக்கிறார்கள். இதை ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாமே!

பதில் 1
முதலில் லிங்கருக்குக் கொடுக்கும் பெயர்களின் வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகளை எழுதி வைக்கும் ஃபைல்) கணித லைப்ரரி சோர்ஸ் ஃபைலுக்கு முன்னால் இருந்தது. பழைய மெஷினில் ஓடியது, உபுண்டு 11.10க்கு மாறியதும் 'சைன்' ஃபங்ஷனே தெரியாது என்றது. அந்த ஒரு சொல்லை வரியின் கடைசிக்குத் தள்ளினேன், முடிந்தது.

பதில் 2
அவருக்கு ஃபங்ஷனின் பெயரே வேறாக இருக்கிறது, வரிசையை மாற்றி என்ன ஆகும்? எனக்கு லிங்க் ஒழுங்காக முடிந்தது, ஓட்டும்போதுதான் விழுந்தது. வீடியோவுக்கான எஃப்எஃப்எம்பெக்கை ஷேர்ட் லைப்ரரியாக (ஓட்டும்போது தேடி ஏற்றப்படுவது) கட்டி இன்ஸ்டால் செய்தேன், எந்த லைப்ரரி எங்கே கிடைக்கிறது என்று காட்டும் எல்டிடி போட்டால் ஏழெட்டு வரி வரிசையாக 'நாட் ஃபவுண்ட்'. எல்லாரும் சொல்கிறார்களே என்று எல்டி லைப்ரரி பாத்தை (லைப்ரரியை முதலில் எங்கே தேடுவது என்று சொல்லும் செட்டிங்) பாஷ்ஆர்சியில், அதாவது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் ஃபைலில், எழுதிவிடாதீர்கள். நான் எழுதினேன், மூன்று மாதம் கழித்து சிஸ்டத்தோடு வந்த வீடியோ பிளேயர் என் லைப்ரரியை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டது. உபுண்டு, டெபியனில் நாமே கட்டியவை போகும் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் ஃபோல்டர் ஏற்கெனவே லைப்ரரி தேடும் பட்டியலில் இருக்கும், ரூட்டாக (அட்மின்) எல்டிகான்ஃபிக் ஒரு தடவை ஓட்டி அதைப் புதுப்பித்தால் போதும். ஃபெடோராவில் அது பட்டியலிலேயே கிடையாது, அதனால் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் அந்த பாத்தை மட்டும் எழுதி ஒரு ஃபைல் வையுங்கள், அப்புறம் எல்டிகான்ஃபிக். ரூட் இல்லாத சர்வர் என்றால் லிங்க் செய்யும்போதே ஆர்பாத் (புரோகிராமுக்குள்ளேயே பதியும் லைப்ரரி பாத்) கொடுத்துவிடுங்கள், அந்த ஒரு புரோகிராமோடு போய்விடும்.

சரி, கேமராக்காரரே, பழைய ஏபிஐக்கு (ABI, அதாவது அந்தப் பழைய ஸ்ட்ரிங் உள்ளமைப்புக்கு) மாற்றினீர்களா? அப்படியானால் ஓப்பன்சிவியையும் திரும்பக் கட்ட வேண்டியிருந்திருக்குமே?

பதில் 3
ஆமாம், முழுவதையும். எந்த ஏபிஐ என்று கம்பைலருக்குச் சொல்லும் மேக்ரோவை 0 என்று வைத்து முதலிலிருந்து கட்டினேன். அதற்கு ஒரு ராத்திரி.