23 லிட்டர் பியருக்கு எத்தனை லிட்டர் பானை?

மெல்பர்ன்வாசி:
வீட்டில் பியர் காய்ச்ச ஆரம்பித்து ஆறு மாதம். இதுவரை டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறுதான். இனி தானியத்திலிருந்தே செய்யலாம் என்று ஆசை. 30 லிட்டர் அலுமினியப் பானை மலிவாகக் கிடைக்கிறது. போதுமா? வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு.

வோர்ட்வாத்தியார்:
போதாது தம்பி. ஒரு மணி நேரக் கொதியில் மூன்று நாலு லிட்டர் ஆவியாகும், அடியில் கசடு வேறு. 27, 28 லிட்டரில் தொடங்க வேண்டும். முதல் கொதியில் நுரை பால் பொங்குவதுபோல் எழும். நான் 30 லிட்டரில் காய்ச்சிய அன்று கசப்புக்கான ஹாப்ஸ் பூவைப் போட்டதும் பொங்கி அடுப்பெல்லாம் பாகு. சுரண்டவே இரண்டு நாள். வீட்டம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். 40 லிட்டர் எஃகு வாங்கு. அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடேறாது. எஃகிலும் அடியில் காந்தம் ஒட்டுகிறதா பார். ஆனால் அவ்வளவு தண்ணீரை வீட்டு இண்டக்‌ஷன் கொதிக்க வைப்பதற்குள் பொறுமை போய்விடும். வெளியே கேஸ் பர்னர்தான் சரி.

நுரைப்பிரியன்:
என்னிடம் இருப்பது அலுமினியம்தான், குறையில்லை. புதிதில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன், உள்ளே சாம்பல் நிறம் படிந்தது. அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது. பெர்கார்பனேட் என்ற கழுவும் பவுடரும் ஆகாது, அரித்துவிடும்.

மெல்பர்ன்வாசி:
எஃகை எப்படிக் கழுவுவது?

வோர்ட்வாத்தியார்:
மென்மையான ஸ்பாஞ்ச். வெள்ளைக் கறைக்கு சிட்ரிக் அமிலம். ப்ளீச்சும் இரும்பு நாரும் கிட்டவே வரக் கூடாது. பானையில் குழாய் வால்வு இருந்தால் அதை மட்டும் கழற்றிக் கழுவு. ஒருமுறை என்னுடையதைத் திறந்தேன், உள்ளே பழைய ஹாப்ஸ் பச்சைக் களிம்பாக... வேண்டாம், சாப்பிடுகிற நேரம்.