அனாடமி மனசுல நிக்கல, எப்படிப் படிக்கிறது?

மேலூரான்: எம்பிபிஎஸ் முதல் வருசம், ஸ்கூல்ல படிச்சது தமிழ் மீடியம். ராத்திரி ஒரு மணி வரை வாசிச்சும் இன்டர்னல்ல மார்க் வரல. என்ன மாத்தணும்ண்ணே?

வைகைக்கரை: தம்பி, திரும்பத் திரும்ப வாசிச்சா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், பரீட்சைத் தாள்ல வராது. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க செஞ்ச சோதனையில, படிச்ச அஞ்சு நிமிசத்துல கேட்டப்ப மறுவாசிப்பு முந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்ப, பார்க்காம எழுதிப் பார்த்தவங்கதான் முந்துனாங்க. கைக்குப் போற நரம்புப் பின்னல், அதான் பிரேக்கியல் பிளெக்ஸஸ எடுத்துக்க. புத்தகத்த மூடிட்டு வெள்ளைத்தாள்ல சி5 முதல் டி1 வரையுள்ள தண்டுவட நரம்பு வேர், டிரங்க், டிவிஷன், கார்டு, கிளைன்னு வரை. விட்டுப்போனத சிவப்பு மையில நிரப்பு. மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள் மறுபடி வெறுந்தாள். அப்பவும் சிவப்பு விழுற இடத்த டிசெக்‌ஷன் ஹால்ல, அறுத்துப் படிக்கிற உடம்புல தேடிப் பாரு.

கோரிப்பாளையம்: ஒரு மணி வரை முழிக்கிறத முதல்ல நிறுத்துங்க. படிச்சது மூளையில நல்லாப் படியத் தூக்கம் வேணும். ஏழு மணி நேரமாவது தூங்குங்க.

திருமங்கலம் அக்கா: தமிழ் மீடியம்னா பாடம் புரிஞ்சாலும் இங்கிலீஷ் வாக்கியம் வராது, வாய்மொழித் தேர்வு வைவாவுல வாயடைச்சிரும். தினம் ஒரு கேள்விக்கு ரூம்மேட்கிட்ட சத்தமா பதில் சொல்லிப் பழகுப்பா. பசி, தூக்கம் கெட்டு மனசு கனத்தே ரெண்டு வாரம் போனா அது சோம்பேறித்தனம் இல்ல. மனநலப் பிரிவு ஓபிக்குப் போயிரு.