மறு: மறு: ‘கிரிப் சேஃப்டி’ - தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். படைக்கல வரலாற்று நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். கோல்ட் 1911 கைத்துப்பாக்கி பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கதைப்பகுதி முடிந்துவிட்டது. பிலிப்பைன்ஸின் தெற்கில் வாழும் மோரோ முஸ்லிம் வீரர்களை .38 அங்குலச் சுழல்துப்பாக்கியால் தடுக்க முடியாமல் அமெரிக்கப் படை திணறியது. 1904இல் அந்தப் படையின் அதிகாரிகள் தாம்சனும் லாகார்டும் சிகாகோவில் மாடுகளைச் சுட்டுப் பார்த்து, குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார்கள். 1911 மார்ச்சில் படை நடத்திய தேர்வில், ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தக் கோல்ட் துப்பாக்கி 6000 தோட்டாக்களை ஒரு தடவைகூடச் சிக்காமல் சுட்டது, போட்டிக்கு நின்ற சாவேஜ் நிறுவனத் துப்பாக்கி 37 தடவை சிக்கியது.

உறுப்புப் பெயர்களில்தான் முட்டுகிறது. கைப்பிடியின் முதுகில் ஒரு தகடு இருக்கிறது. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விரலால் இழுக்கும் விசை (டிரிகர்) பின்னால் போகும். பிடி தளர்ந்தால் விசை அசையாது. இந்த ‘கிரிப் சேஃப்டி’க்கு இப்போதைக்குப் ‘பிடிக்காப்பு’ என்று போட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

> ‘பிடிக்காப்பு’ என்று போட்டிருக்கிறேன்

முதலில் ஒற்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிடியில் உள்ள காப்பு என்றால் ஏழாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகும். பிடிக்கின்ற காப்பு என்று வினைத்தொகையாகக் கொண்டால் ஊறுகாய், சுடுகாடு போல மிகாது. எனக்குப் ‘பிடிகாப்பு’தான் நயமாகப் படுகிறது. பிடி என்றால் பெண் யானையும் ஆகும். காப்பு, பிள்ளைத்தமிழின் முதல் பருவம். இரண்டும் பழைய சொற்கள், கைகோத்து நிற்கின்றன.

கணினித் தமிழ் நண்பர்:

ஒற்றோடு எழுதினால் கண் ‘பிடிக்கா’வில் நின்றுவிடுகிறது. ஒற்றில்லாமல் எழுதினால் யானைக்கு வளையல். ‘கிரிப் சேஃப்டி’ என்றே போட்டுவிட்டு உறங்கப் போங்கள். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். அதற்கு யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. (வள்ளுவர் வான்சிறப்பிலேயே துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம். அது உணவை ஆக்குவது.)

முன்னாள் படைவீரர்:

ஐயா, ஒற்று இருக்கட்டும், பொருளே தலைகீழாக இருக்கிறது. பிடித்திருக்கும்போது அந்தத் தகடு எதையும் காப்பதில்லை, வழிவிடுகிறது. கை நழுவும்போதுதான் காக்கிறது. அதனால் ‘விடுகாப்பு’.

எங்களிடம் இருந்தது மேற்கு வங்கத்து இச்சாபூரில் செய்த 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கி. அதுவும் பிரவுனிங் மரபுதான்: அதன் மூலமான ஹை-பவர் துப்பாக்கியை பிரவுனிங் தொடங்கி, 1926இல் இறந்துபோக, பெல்ஜியத்தில் சைவ் என்ற வடிவமைப்பாளர் முடித்துக்கொடுத்தார். அதில் இந்தத் தகடு கிடையாது.

இன்னொன்று. பின்னால் மடங்கி நிற்கும் சுத்தியலுக்கு நம்மிடம் ‘குதிரை’ என்ற சொல் முன்பே இருக்கிறது, புதிதாக எதையும் படைக்காதீர்கள். முதல் வடிவத்தில் சுடும்போது அந்தக் குதிரை பின்னால் பாய்ந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடிக்கும். 1920களில் வந்த ஏ1 வடிவில் அதே தகட்டின் வாலை நீட்டித்தான் கையைக் காப்பாற்றினார்கள். ஆக, காப்பு என்ற சொல்லுக்கு அதற்கு இரட்டை உரிமை உண்டு.

கணினித் தமிழ் நண்பர்:

கடிக்கிற குதிரை! பெருவிரலால் ஏற்றி இறக்கும் இன்னொரு பூட்டு, குதிரைப்படை கேட்டதால்தான் சேர்க்கப்பட்டது என்று படித்திருக்கிறேன். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் துப்பாக்கி. குதிரைமேல் இருப்பவன் குதிரையைப் பூட்ட வேண்டும் என்றால் உங்கள் வாசகர் எந்தக் குதிரை என்று கேட்பார்.

பொறியியல் ஆசிரியை:

‘விடுகாப்பு’ சரியான சொல். ஆனால் என் மாணவர்கள் விடுகதைக்கு உறவு என்று நினைப்பார்கள். பூட்டு எல்லாருக்கும் தெரியும். பிடிப்பூட்டு, விரல்பூட்டு என்று இணையாக வைத்தால் இரண்டும் மனத்தில் நிற்கும்.

இந்தத் துப்பாக்கியை நான் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் விசை ஓர் அச்சில் தொங்கி ஊசலாடும். இதில் தாழ்ப்பாள் போல நேராகப் பின்னால் போகிறது. எவ்வளவு அழுத்தினால் சுடும் என்பதை விரல் எளிதில் பழகிக்கொள்கிறது. ஏழு தோட்டாக்களும் ஒற்றை வரிசையில் நிற்பதால் கைப்பிடி ஒடுக்கம். 1985இல் அமெரிக்கப் படை பெரெட்டா என்ற இத்தாலிய நிறுவனத்தின் துப்பாக்கிக்கு மாறிய பிறகும் போட்டிக்குச் சுடுபவர்கள் இதை விடாததற்கு, போர்க்கதைகளைவிட இந்த விசைதான் காரணம் என்பேன். இரண்டாம் உலகப் போரில் இதை மிக அதிகமாகச் செய்தது ரெமிங்டன் ராண்ட் என்ற தட்டச்சுப்பொறி நிறுவனம். தையல் இயந்திரம் செய்யும் சிங்கர் 500 மட்டும் செய்தது. சேகரிப்பாளர்கள் இன்று அவற்றுக்குத்தான் சொத்தை எழுதிவைக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

> பூட்டு எல்லாருக்கும் தெரியும்

தெரிந்ததால்தான் ஆபத்து, அம்மா. நாண் பூட்டிய வில் எய்வதற்கு ஆயத்தமான வில். குதிரை பூட்டிய தேர் புறப்படத் தயாரான தேர். ‘பூட்டிய துப்பாக்கி’ என்று எழுதினால், தமிழ் படித்தவன் சுடப்போகிறார்கள் என்று குனிந்துகொள்வான்.

பொறியியல் ஆசிரியை:

ஐயா, கதவைப் பூட்டிவிட்டு வா என்றால் யாரும் குனிவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

பதிப்பகத்திலிருந்து இரண்டாம் முறையாகக் கேட்டுவிட்டார்கள். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பிடிப்பூட்டுக்கு ஆதரவு கூடுதல், விடுகாப்புக்கு ஆர்வம் கூடுதல். நூலின் உடலில் பிடிப்பூட்டு, அடிக்குறிப்பில் விடுகாப்பு என்று அனுப்புகிறேன். சுத்தியலுக்குக் குதிரை உறுதி. அதை எதிர்த்து ஒருவரும் எழுதவில்லை. ‘ஸ்லைடு’க்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. சுட்டவுடன் குழலோடு சேர்ந்து சற்றுப் பின்னால் வந்து, குழல் தாழ்ந்து விடுபட்டதும் தனியே பின்னோடி, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் மேல்கூடு அது. யாராவது?

முன்னாள் படைவீரர்:

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? அடுத்த பதிப்பிலாவது இடம் மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பூட்டுக்கு என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்கிறேன். ‘சறுக்கி’ என்று எவரும் எழுதுவதற்குமுன் சொல்லிவிடுகிறேன்: சறுக்குவது தானே நடப்பது, இதைத் தள்ளுவது வெடியின் உந்துவிசை. ‘பின்னோடி’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது வினையெச்சம். பெயராகவும் ஆகும், முன்னோடி போல. யோசியுங்கள்.

கணினித் தமிழ் நண்பர்:

அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.